அது சூட்டு வைத்தியம் இல்லீங்ணா

கேள்வி: டாக்டர் சார், வேலந்தாவளத்துக்கிட்ட எங்களுக்குத் தென்னந்தோப்பு, கொஞ்சம் நெல்வயல், நாலு மாடு. மகள் எம்பிபிஎஸ் முடிச்சுட்டா. இப்ப கல்கத்தாவுல எம்டி ட்ராபிக்கல் மெடிசின் கிடைக்கும்போல இருக்கு, அதுக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. எங்க பெரியப்பா கல்யாணப் பந்தியில வெச்சு, ட்ராபிக்கல்னா சூடு, வேர்க்குருவுக்கு மருந்து குடுக்க மூணு வருஷம் கல்கத்தா போகணுமான்னு கேட்டுட்டார். அந்த வார்த்தைக்கு நெசமா என்ன அர்த்தம், எங்கிருந்து வந்துச்சு? இன்னொண்ணு, வயல்ல எறங்கறவங்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரைன்னு ஆஷா வொர்க்கர் குடுத்துட்டுப் போயிருக்காங்க. போடலாமா?

பதில்:

வணக்கமுங்ணா. மாத்திரை சமாச்சாரத்தைக் கடைசியில சொல்றேன், மொதல்ல பெரியப்பாவைப் பாத்துடலாம்.

அவரைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. பள்ளிக்கூடப் புஸ்தகத்துல ட்ராபிக்கல்னா வெப்பமண்டலம்னுதான் போட்டிருக்கு, நானும் அதை எழுதித்தான் மார்க் வாங்கினேன், வெப்பமண்டல மருத்துவம்னு சொன்னா வேர்க்குருவும் சூட்டுக்கட்டியும்தான் ஞாபகத்துக்கு வரும், வேற என்ன வரும். ஆனா அந்த வார்த்தைக்குள்ள சூடுங்கற அர்த்தம் எள்ளளவும் கெடையாது. கிரேக்கத்துல ட்ரோபேன்னா திரும்பறது. அதுலருந்து ட்ரோபிகோஸ், திரும்பறது சம்பந்தப்பட்டது, அது லத்தீன்ல ட்ரோபிகஸ்னு ஆகி இங்கிலீஷ்ல ட்ராபிக்னு வந்து நின்னுடுச்சு. எது திரும்புதுன்னா, சூரியன்.

தோட்டத்து வீட்டு வாசல்ல கெழக்கப் பாத்து நின்னு வருஷம் பூரா கவனிச்சீங்கன்னா தெரியும், பொழுது ஒரே எடத்துல மொளைக்காது, ஆனி மாசத்துல இடதுகைப் பக்கம் எங்கயோ கெளம்பும், அப்பறம் கொஞ்சங்கொஞ்சமா வலதுகைப் பக்கம் நகந்து மார்கழியில ஒரு தென்னமரத்துக்கிட்ட போய் நின்னுக்கும், நாலஞ்சு நாள் அங்கயே நிக்கற மாதிரி இருக்கும், அப்பறம் வந்த வழியே திரும்பிடும். அந்தத் திருப்பம்தான் ட்ரோபே. சூரியன் வடக்கால எது வரைக்கும் போய்த் திரும்புதோ அது கடகரேகை, தெக்கால திரும்பற எடம் மகரரேகை, பூமத்திய ரேகையிலருந்து ரெண்டு பக்கமும் இருபத்திமூணரை டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கற பூமிதான் ட்ராபிக்ஸ். சூடா இருக்கா குளுரா இருக்காங்கற பேச்சே அங்க இல்ல.

இதே சங்கதியை நம்மாளுக அயனம்னு சொன்னாங்க. அயனம்னா போறது, போற வழி. உத்தராயணம் வடக்க போற வழி, தட்சிணாயணம் தெக்க போற வழி. பொங்கலன்னைக்கு உத்தராயணம் பொறந்துடுச்சுங்கறோம், அதே நாள் சபரிமலையில மகரவிளக்கு. நெசமான திருப்பம் டிசம்பர் 21, 22லயே முடிஞ்சுடுது, நாம மூணு வாரம் கழிச்சுத்தான் கொண்டாடறோம், ஏன்னா பூமியோட அச்சு பம்பரம் மாதிரி மெதுவாத் தலை சுத்துறதால ராசிக் கணக்கு நூத்தாண்டு நூத்தாண்டா நழுவிட்டே போகுது. கோட்டுக்குக் கடகம் மகரம்னு பேர் வெச்ச காலத்துல, அதாவது ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி, திரும்பற நேரத்துல சூரியன் அந்தந்த ராசியிலதான் இருந்துச்சு. இப்ப இல்ல. பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

எலங்கைத் தமிழர்க ட்ராபிக்ஸை அயனமண்டலம்னுதான் எழுதறாங்க. என்னைக் கேட்டா அதுதான் சரியான தமிழ், திரும்பற சங்கதி அதுக்குள்ள இருக்கு. நாம வெப்பமண்டலம்னு போட்டோம், பெரியப்பா வேர்க்குருன்னு புரிஞ்சுக்கிட்டார்.

அவருக்கு நேர்ல காட்டணும்னா சுலபமான வழி ஒண்ணு இருக்குங்ணா. ஏப்ரல் மூணாவது வாரத்துல உச்சிப்பொழுதுக்கு, நம்ம பக்கம் அது பன்னெண்டரை மணிவாக்குல வரும், நேரா நிக்கற தென்னமரத்துக்குக் கீழ கூட்டிட்டுப் போங்க. நெழல் எந்தப் பக்கமும் சாயாம மரத்தோட அடியிலயே விழுகும். ஆகஸ்ட் கடைசி வாரத்துல இன்னொருக்கா. வருஷத்துல இப்படி ரெண்டு நாள் சூரியன் நேரா தலைக்கு மேல வர்ற ஊர்தான் ட்ராபிக்கல் ஊர். டெல்லியில நாப்பத்தஞ்சு டிகிரி கொளுத்துது, நம்ம பாலக்காட்டுக் கணவாய்க்காரங்க அங்க போனா சுருண்டு படுத்துக்குவாங்க, ஆனா டெல்லி அந்தக் கோட்டுக்கு வடக்கால இருக்கு, அங்க எந்த நாளும் நெழல் காலடிக்கு வராது. கணக்குப்படி டெல்லி ட்ராபிக்கல் ஊரே இல்ல. மகள் போகப்போற கல்கத்தா உள்ள இருக்கு, அதுவும் கோட்டுலருந்து நூறு கிலோமீட்டருக்குள்ளதான், நூலிழை.

அந்த ட்ரோபேக்கு சொந்தபந்தம் நெறைய. அம்மிணி பள்ளிக்கூடத்துல வாங்கின டிராஃபி இருக்கில்ல, அதுவும் இந்த வேர்தான், சண்டையில எதிரி பொறமுதுகு காட்டித் திரும்பி ஓடின எடத்துல நட்டு வெக்கற சின்னத்துக்குக் கிரேக்கத்துல ட்ரோபையோன்னு பேரு. எனக்குப் புடிச்சது அட்ரோபின். தோட்டத்துல பூச்சிமருந்து அடிக்கறப்ப காத்து எதுருல வீசி, வாயில நொரையும் கண்ணுல தண்ணியுமா ஆளுகளைத் தூக்கிட்டு வருவாங்க பாருங்க, அவங்களுக்கு நாங்க ஊசி மேல ஊசியாப் போடறது அதைத்தான். அது ஒரு விஷச்செடியிலருந்து வந்தது, செடிக்கு அட்ரோபான்னு பேரு, கிரேக்கக் கதையில மனுசன் ஆயுசுக் கயிறை வெட்டறவ அட்ரோபோஸ், திருப்ப முடியாதவள்னு அர்த்தம். திருப்ப முடியாதவ பேரை வெச்ச மருந்துதான் போற உசுரைத் திருப்பிக் கொண்டாருது. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப இதை ஒரு சீனியர் சொன்னார், இன்னைக்கும் அந்த ஆம்ப்யூலை ஒடைக்கறப்ப ஒரு நிமிஷம் ஞாபகம் வரும்.

மெடிசின்ங்கறதுக்குப் பெருசா கதை ஒண்ணுமில்ல, லத்தீன்ல கொணப்படுத்தறதுங்கற சொல்லுலருந்து வந்தது. நம்ம மருந்துதான் விசேஷம், வெடிக்கும் மருந்து, பூச்சிக்கும் மருந்து, புள்ளைக்கும் மருந்து. விடுங்க.

இந்த ரெண்டு வார்த்தையும் எப்ப ஜோடி சேந்துச்சுங்கறதுதான் பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டிய கதை. பேட்ரிக் மேன்சன்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர், சீனாவுல அமாய்ங்கற தொறைமுகத்துல வேலை பாத்தவர். யானைக்கால் சீக்கு ஏகப்பட்டது அங்க. 1877ல அவர் என்ன பண்ணாருன்னா, ரத்தத்துல அந்தப் புழு இருக்கற தன் வேலைக்காரரையே ராத்திரியில கொசுக்கடிக்குப் படுக்க வெச்சு, ரத்தம் குடிச்ச கொசுவை அறுத்துப் பாத்து, புழு கொசுவுக்குள்ள வளருதுன்னு கண்டுபுடிச்சார். பூச்சிக்குள்ள மனுச சீக்கு வளரும்ங்கறதே அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. வேலைக்காரர்கிட்ட சம்மதம் எந்த அளவுக்குக் கேட்டாருங்கறது வேற பேச்சு, அந்தக் காலத்து ஆராய்ச்சி நெறையா அப்படித்தான் நடந்துச்சு. மேன்சன் பாதிதான் சரியாச் சொன்னார், கொசு தண்ணியில செத்து விழும், அந்தத் தண்ணியைக் குடிச்சு மனுசனுக்கு வரும்னு நெனச்சுக்கிட்டார். கொசு கடிச்சுத்தான் வரும்ங்கறது பொறகுதான் தெரிஞ்சுது.

அவர் லண்டனுக்குத் திரும்பினப்பறம் அங்க அவரைத் தேடி வந்த சிஷ்யர்தான் ரொனால்ட் ராஸ். இந்தியாவுல அல்மோராவுல பொறந்தவர், மெட்ராஸ் சர்வீஸ்ல இருந்தவர். 1897ல நீலகிரி சீகூர்ப் பக்கம் மலேரியா ஆராய்ச்சிக்குப் போய், ஜாக்கிரதையா இருந்தும் தனக்கே மலேரியா வாங்கிட்டு வந்தார். அதே வருஷம் ஆகஸ்ட் 20ந்தேதி செகந்திராபாத்துல ஒரு கொசுவோட வயித்துச் சுவத்துல மலேரியாக் கிருமியைப் பாத்துட்டார். உசேன் கான்னு ஒரு நோயாளி கொசுக்கடிக்கு ஒடம்பைக் குடுத்தார், கடிச்ச ஒவ்வொரு கொசுவுக்கும் ஒரு அணா கூலி. 1902ல ராஸுக்கு நோபல். கானுக்கு அணாக்கள்.

மலேரியாங்கற பேரே தப்பான பேருங்ணா. இத்தாலியில மாலா ஆரியா, கெட்ட காத்து. சதுப்பு நெலத்துக் காத்து பட்டாக் காய்ச்சல் வரும்னு நெனச்சாங்க. நம்மூர்ல காத்து கருப்பு பட்டுடுச்சுன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்கள்ல, அதே மனுச புத்திதான். சாயங்காலக் காத்துல உக்காந்தாச் சீக்கு வருதுன்னு கண்ணால பாத்தாங்க, அந்தக் காத்துல கொசுவும் இருந்துச்சுங்கறதைப் பாக்கல.

1898ல மேன்சன் ட்ராபிக்கல் டிசீசஸ்னு ஒரு புஸ்தகம் போட்டார், அந்தத் தொறைக்கு அதுதான் மூலம். அதே வருஷம் லிவர்பூல்ல ஒரு ட்ராபிக்கல் மெடிசின் ஸ்கூல் தொடங்கினாங்க, 1899ல லண்டன்ல இன்னொண்ணு. ஏன்னா வெள்ளக்காரன் ஆப்பிரிக்காவுக்கும் நம்ம பக்கத்துக்கும் ஆளனுப்பறான், போனவன் காய்ச்சல்ல சாகறான், அவனைப் பொழைக்க வெக்கணும். நம்மளைக் காப்பாத்த ஆரம்பிச்ச படிப்பு இல்லீங்ணா அது, அதை மறைக்கத் தேவையில்ல. கல்கத்தாவுல லியோனார்ட் ராஜர்ஸ் முயற்சியில வந்த ஸ்கூல் அந்த வரிசையிலதான் சேரும், ஆனா அந்த ஊர்லயேதான் உபேந்திரநாத் பிரம்மச்சாரி வசதியில்லாத ஒரு சின்ன ரூம்ல உக்காந்து காலா அசார்ங்கற காய்ச்சலுக்கு மருந்து செஞ்சார், லட்சக்கணக்கான உசுரு பொழைச்சுது. தொடங்கினவன் எதுக்குத் தொடங்கினான்ங்கறதும் அதை நாம எதுக்கு எடுத்துக்கிட்டோம்ங்கறதும் வேற வேற.

இதுல ருசியான சங்கதி என்னன்னா, மேன்சனே தன் புஸ்தகத்து முன்னுரையில மொத வேலையா ஒத்துக்கிட்டார், இந்தத் தலைப்பு சரியானதுங்கறதைவிட வசதியானதுன்னு. நூத்தி இருபத்தஞ்சு வருஷமா அந்த வசதியிலயே வண்டி ஓடுது. யோசிச்சுப் பாருங்க, தொழுநோயை நாம வெயில் நாட்டுச் சீக்குன்னு வெச்சிருக்கோம், உலக சுகாதார நிறுவனமும் கவனிக்காம விடப்பட்ட ட்ராபிக்கல் நோய்ப் பட்டியல்ல அதை வெச்சிருக்கு, ஆனா கிருமியைக் கண்டுபுடிச்ச ஹேன்சன் நார்வேக்காரர், 1873ல பெர்கன்ங்கற ஊர்ல, நார்வே நோயாளிககிட்டயேதான் கண்டுபுடிச்சார். பனி கொட்டற ஊர்ல தொழுநோய் நெறைய இருந்துச்சு. மலேரியாவும் அப்படித்தான், இங்கிலாந்துல எசெக்ஸ், கென்ட் சதுப்புப் பக்கமெல்லாம் ஜனங்க நூத்தாண்டுக் கணக்குல குளுர் காய்ச்சல்ல நடுங்கிட்டுக் கெடந்தாங்க. சதுப்பை வடிச்சாங்க, வீடு நல்லாக் கட்டினாங்க, கையில காசு வந்துச்சு, சீக்கு போயிடுச்சு. சூரியன் அங்கயேதான் இருக்கு. அதே பட்டியல்ல 2017ல பாம்புக்கடியையும் சேத்தாங்க, வரப்புல செருப்பில்லாம நடக்கறவனைத்தான் அது தேடி வருது, ஏசி ரூம்ல இருக்கறவனை இல்ல. சூடு கொஞ்சம் தொணை பண்ணும், கொசு சீக்கிரம் வளரும், கிருமி கொசுவுக்குள்ள சீக்கிரம் முத்தும், அதை இல்லைன்னு சொல்லமாட்டேன். மிச்சமெல்லாம் தேங்குன தண்ணி, ஒழுகற கூரை, வெறுங்கால்.

நம்ம தமிழ்நாடு-கேரள எல்லையில சீக்குப் பேருகளே தனி வேடிக்கைங்க. மலையாளத்துல பனின்னாக் காய்ச்சல், எலிப்பனி, டெங்கிப்பனி, கொரங்குப்பனி. நான் பொள்ளாச்சிப் பக்கத்துலருந்து இங்க வந்து ப்ராக்டீஸ் ஆரம்பிச்ச புதுசுல ஒரு அம்மா மூணு நாளாப் பனின்னு சொல்ல, மார்கழிதானேம்மா, காதுக்குத் துணியக் கட்டிட்டு வெளிய போங்கன்னுட்டேன். அந்தம்மா என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னுச்சு. அப்பறம் நர்ஸ் வந்து சொன்னப்பறம் தெர்மாமீட்டர் வெச்சா நூத்திமூணு. ஆனா ரெண்டு பனியும் ரொம்பத் தூரம் இல்ல, பழைய தமிழ்ல பனித்தல்னா நடுங்கறது, குளுர் வந்தாலும் நடுங்கறோம், காய்ச்சல் வந்தாலும் நடுங்கறோம், நாம குளுரை வெச்சுக்கிட்டோம், அவங்க காய்ச்சலை வெச்சுக்கிட்டாங்க. சீக்குங்கற நம்ம சொல்லே இங்கிலீஷ்காரன் சிக்குனு சொன்னதுலருந்து வந்ததுன்னு சொல்வாங்க, அதையும் தமிழாக்கிட்டோம்.

2006, 2007ல சிக்குன்குனியா வந்தப்ப எங்க க்ளினிக் வராண்டா பூரா கூன் விழுந்தாப்பல ஜனங்க, முப்பது வயசுப் பையன் கெழவன் மாதிரி சுவத்தைப் புடிச்சுட்டு வந்தான். ஜனங்க கோழிக்குனியான்னு சொல்லி ஒரு மாசம் கோழிக்கறி திங்காம இருந்தாங்க. அது ஆப்பிரிக்காவுல தான்சானியாப் பக்கத்து மகோண்டே பாஷை, வளைஞ்சு போறதுன்னு அர்த்தம், 1952லயே அங்க பாத்தவங்க வெச்ச பேரு. இதைவிடப் பொருத்தமான பேரு எந்தச் சீக்குக்கும் இல்ல. நிபான்னா மலேசியாவுல ஒரு கிராமத்துப் பேரு, நிப்பா அங்க ஒரு பனை ஜாதி, அதுலயும் கள்ளு எறக்குவாங்க. 2018ல கோழிக்கோட்டுல அது வந்தப்பறம், ஒவ்வொரு தடவையும் நம்ம வாளையார், கோபாலபுரம் செக்போஸ்ட்டுல நெத்தியில தெர்மாமீட்டர் நீட்டறாங்கள்ல, அதைச் சுமக்கற வவ்வாலுக்கு அந்தக் கேட்டு தெரியாதுங்க, அது மேல பறந்து போயிடும்.

யானைக்காலுக்கு ஒருகாலத்துல வெள்ளக்காரன் கொச்சின் லெக்னு பேர் வெச்சிருந்தான், கேரளக் கடற்கரையில அத்தனை பேருக்கு இருந்துச்சு. சேர்த்தலைப் பக்கம் அதைப் பரப்பின கொசுவுக்கு மேன்சோனியான்னு பேரு, ஆமா, நம்ம மேன்சன் பேருதான், கொளத்துல மெதக்கற ஆகாயத்தாமரை வேரைப் புடிச்சுத் தொங்கிட்டு மூச்சு விடற புழு அதோடது. நாராணத்துப் பிராந்தன் கதை உங்களுக்குத் தெரியாம இருக்காது, பட்டாம்பிப் பக்கம் ராயிரநல்லூர் மலையில கல்லை உருட்டி மேல ஏத்திக் கீழ தள்ளிச் சிரிப்பாரே. சுடுகாட்டுல பத்ரகாளி வந்து வரம் கேளுன்னாளாம். என் சாவை ஒரு நாள் தள்ளிவெய்யின்னார், முடியாதுன்னாள். ஒரு நாள் முன்னாடி வெய்யி, அதுவும் முடியாது. அப்ப என் இடதுகால்ல இருக்கற யானைக்காலை வலதுகாலுக்கு மாத்துன்னார். மாத்திட்டுப் போயிட்டாளாம். கதையில சாமிகிட்ட இதைத்தான் கேக்க முடியுது பாருங்க, தீத்துவைன்னு கேக்கறதுக்குக்கூடத் தோணாத அளவுக்கு அது நிரந்தரம். நம்ம காலத்துல வருஷத்துக்கு ஒருக்கா வீட்டு வாசல்ல வந்து மாத்திரை முழுங்க வெச்சாங்க, புதுசா வீங்கின கால் நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

ஆக, அம்மிணி படிக்கப்போறது இதெல்லாம்தான். கிருமி, புழு, கொசு, உண்ணி, பாம்பு, கெட்டுப்போன தண்ணி, பதினஞ்சு நாளா எறங்காத காய்ச்சலுக்குக் காரணம் கண்டுபுடிக்கறது. காசு கொட்டற படிப்பான்னு கேட்டா, இல்ல, அதைப் பச்சையாச் சொல்லிடறேன், இருதய டாக்டருக்கும் ஸ்கேன் டாக்டருக்கும் வர்ற வரும்படி வராது, தனியா போர்டு மாட்டி உக்காந்தா ஜனங்களுக்கு இது என்ன டாக்டர்னே புரியாது, பெரியப்பாவே சாட்சி. மெடிக்கல் காலேஜ் வேலை, சுகாதாரத்துறை, பெரிய ஆஸ்பத்திரிகள்ல தொற்றுநோய்ப் பிரிவு, இந்த வழிதான். மேல டிஎம்ங்கற உயர்சிறப்புப் படிப்பு படிக்கற விதிமுறையெல்லாம் மாத்திட்டே இருக்காங்க, அதனால சீட்டை ஒத்துக்கறதுக்கு முன்னாடி அந்த வருஷ ப்ராஸ்பெக்டஸை வரிவரியாப் படிக்கச் சொல்லுங்க, சீனியர் யார்கிட்டயாவது பேசச் சொல்லுங்க. புள்ளைக்கு ஆசை இருந்தா அனுப்புங்க. நம்ம தாலூகாவுல காய்ச்சல்னு வர்ற பத்துப் பேர்ல டெங்கு எது, எலிக்காய்ச்சல் எது, ஸ்க்ரப் டைஃபஸ்ங்கற உண்ணிக்காய்ச்சல் எதுன்னு பிரிக்கறதுக்கே எனக்கு இன்னைக்கும் மண்டை காயுது.

இப்ப மாத்திரை. அது டாக்ஸிசைக்ளின், போடலாம். வயல்ல தண்ணி நிக்கற காலத்துல எறங்கி வேலை செய்யறவங்களுக்கு, மாட்டுத்தொழுவம் கழுவறவங்களுக்கு, வாரத்துக்கு ஒருக்கா 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் மாத்திரைன்னா ரெண்டு, ஒரே தடவையா. சாப்பிட்டதும் ஒரு சொம்புத் தண்ணியோட போடணும், போட்டுட்டு அரைமணி நேரம் படுக்கக் கூடாது, நெஞ்சுக்குழியில ஒட்டிக்கிட்டு எரியும். உங்க வீட்டுல பாலுக்குப் பஞ்சமில்ல, ஆனா மாத்திரையைப் பாலோட போடாதீங்க, வேலை கொறஞ்சுடும். ஆறு வாரத்துக்கு மேல போகணும்னா ஹெல்த் சென்டர்ல கேட்டுக்குங்க. கர்ப்பிணி, பால் குடுக்கறவங்க, சின்னப் புள்ளைகளுக்கு இது வேண்டாம். மாத்திரை போட்டாச்சுன்னு கால்ல வெடிப்பு, புண்ணு இருக்கறப்ப வெறுங்காலோட எறங்கிடாதீங்க, பூட்ஸ் போடுங்க, எலியோட மூத்திரம் கலந்த தண்ணி அந்த வெடிப்பு வழியாத்தான் உள்ள போகுது. இதையும் மீறி காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு செவப்பு, மூத்திரம் கொறையறதுன்னு எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும், போனதும் வயல்ல எறங்கினேன்னு நீங்களாச் சொல்லிடுங்க, நாங்க கேக்க மறந்துட்டாலும்.

இன்னொண்ணு, இந்த மாத்திரை போட்ட ஒடம்புல வெயில் பட்டா சில பேருக்குத் தோல் சுள்ளுனு எரியும், செவந்துக்கும். போட்ட அன்னைக்கும் மறுநாளும் தலையில துண்டு, முழுக்கைச் சட்டை. பெரியப்பாகிட்ட இதை மட்டும் சொல்லிடாதீங்ணா, பாத்தியா சூட்டு வைத்தியம்தான்னு மறுபடி ஆரம்பிச்சுடுவார்.